படகுக்குக் கொடுத்த முன்பணம் யாருடையது?

எங்கள் அலுவலகத்துக்கு மாடிப்படி ஏறி வருகிறவர்கள் முதலில் எடுத்து மேசைமேல் வைப்பது ரசீதைத்தான். பிளாஸ்டிக் உறைக்குள், மடிப்புக் கலையாமல் இருக்கும். லேமினேட் செய்து கொண்டுவந்தவர்களும் உண்டு. “எல்லாத்துக்கும் ரசீது இருக்கும்மா” என்பார்கள், பாதி வழக்கை ஜெயித்துவிட்ட நிம்மதியோடு. பிரிக்பீல்ட்ஸ், ஜாலான் துன் சம்பந்தனில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் இருபது வருடத்துக்கும் மேலாகக் கிராணி வேலை பார்க்கிறேன். ரசீது என்ன செய்யும், என்ன செய்யாது என்பது எனக்கு அத்துப்படி. பணம் கைமாறியது என்று அது சாட்சி சொல்லும். அந்தப் பணம் இப்போது எங்கே இருக்கிறது, யாருடையது என்று கேட்டால் அதற்குத் தெரியாது.

முன்பணம் கொடுத்துவிட்டுத் தவிப்பவர்களின் கோப்புகள் எங்களிடம் பல வகை. கல்யாண மண்டபம், மேடை அலங்காரம், கிச்சன் கேபினெட், தைப்பூசத்துக்குள் தருகிறேன் என்று சொல்லி மாசி மகம் வரை வராத காவடி. அவற்றில் தொகை சின்னது, கோபம்தான் பெரிது. படகுக் கோப்பு அபூர்வம். ஆனாலும் முன்பணத்தின் சூட்சுமம் முழுதாகத் தெரிவது படகில்தான். விலை அதிகம். கட்டி முடிக்க மாதக்கணக்கில் ஆகும். ஒருவருடைய விருப்பத்துக்கென்றே செய்வதால் இன்னொருவருக்கு எளிதில் விற்க முடியாது. வேலை முடியும்வரை பொருள் முழுவதும் செய்கிறவரின் பட்டறையிலேயே கிடக்கும்.

கிள்ளானைச் சேர்ந்த ஓர் அண்ணன் சில வருடங்களுக்கு முன் அப்படி ஒரு ரசீதோடு வந்தார். போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். கேஎல் சென்ட்ரலுக்குக் கொமுட்டர் ரயிலில் வந்து இறங்கி, வெயிலில் நடந்து வந்திருந்தார். வாரக் கடைசியில் கூட்டாளிகளோடு படகை வாடகைக்கு எடுத்துக் கெத்தாம் தீவுப் பக்கம் தூண்டில் போடுவது அவருடைய நெடுநாள் பழக்கம். ஐம்பத்தைந்து வயதில் ஊழியர் சேமநிதிப் பணம் கைக்கு வந்ததும் சொந்தமாக ஒரு படகு என்ற ஆசை வந்துவிட்டது. 24 அடி பைபர் படகு, பிடித்த மீனை உயிரோடு வைத்திருக்க ஒரு தொட்டி, மேலே கூரை, பின்னால் 115 குதிரைச் சக்தி எஞ்சின். மொத்தம் 80,000 வெள்ளி. அதில் 40 விழுக்காடு, அதாவது 32,000 வெள்ளி, முன்பணம். சிலாங்கூர்க் கரையோரம் ஒரு பட்டறை. கையில் இருந்த தாள்கள் ஒரு பக்க விலைக் குறிப்பும் ரசீதும். மீதியெல்லாம் வாட்ஸ்அப்பில் போன படங்கள், குரல் பதிவுகள்.

முதல் சில மாதம் பட்டறை முதலாளியான தவுக்கே போனை எடுத்தார். ரெசின் வரவில்லை, அச்சு வேறு படகில் மாட்டியிருக்கிறது, தொழிலாளிக்குப் பெர்மிட் முடிந்துவிட்டது. ஒவ்வொன்றும் நம்பக்கூடிய காரணம்தான், சில உண்மையாகக்கூட இருந்திருக்கும். அப்புறம் ஒருநாள் பட்டறை வாசலில் பூட்டு. பட்டறைக்கு ரெசின் விற்றுப் பணம் வராத வியாபாரி நீதிமன்றம் போய் நிறுவனத்தைக் கலைக்க உத்தரவு வாங்கியிருந்தார். கலைப்பு மனு பற்றிய அறிவிப்பு நாளிதழில் வெளிவரும். மலாய், ஆங்கிலப் பத்திரிகைகளின் கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் வரும் அதைத் தமிழ்ப் பத்திரிகை மட்டும் வாங்கும் குடும்பம் எப்படிப் பார்க்கும்?

அண்ணன் என்னிடம் கேட்டது ஒன்றுதான். “என் காசுதானே அது? எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்க தங்கச்சி.”

அது இனி அவருடைய காசு இல்லை. இதைச் சொல்லிப் புரியவைப்பதுதான் என் வேலையிலேயே கடினமான பகுதி. பட்டறையின் வங்கிக் கணக்கில் விழுந்த நிமிடமே அந்த 32,000 பட்டறையின் பணம் ஆகிவிட்டது. அண்ணனிடம் மிஞ்சியது ஒரு வாக்குறுதி. சட்டத்தின் கண்ணுக்கு அவர் அன்று முதல் பட்டறைக்கு வட்டியில்லாமல், அடமானமில்லாமல் கடன் கொடுத்தவர். முன்பின் தெரியாத ஒருவருக்கு 32,000 வெள்ளி கடன் கொடுப்பீர்களா என்று கேட்டிருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார். முன்பணம் என்று பேர் சொன்னதால் கொடுத்துவிட்டார்.

நிறுவனம் கலைக்கப்படும்போது யாருக்கு முதலில் பணம் என்று 2016-ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டம், 527-ஆம் பிரிவில் வரிசை போட்டிருக்கிறது. அடமானம் வைத்துக்கொண்ட வங்கி தன் பங்கைத் தனியாகப் பார்த்துக்கொள்ளும். மிச்சத்தில் கலைப்புச் செலவு முதலில் கழியும். பிறகு தொழிலாளர் சம்பளம், ஆளுக்கு 15,000 வெள்ளி உச்சவரம்போடு. அப்புறம் சேமநிதிப் பாக்கி, வரி. இவையெல்லாம் போய் ஏதாவது மிஞ்சினால், ரெசின் வியாபாரி, தச்சர், மின்சாரக் கட்டணம், அண்ணன் எல்லோரும் விழுக்காட்டுக் கணக்கில் பிரித்துக்கொள்ள வேண்டும். தொழிலாளர் சம்பளம் முன்னால் நிற்பதில் எனக்குக் குறையில்லை. உழைத்தவன் கூலி முதலில் போவது நியாயம். ஆனால் அந்த வரிசையில் வாடிக்கையாளர் எங்கே நிற்கிறார் என்பது முன்பணம் கொடுக்கும் அன்றைக்கே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நிறுவனத்தைப் பற்றி அவர் எதுவுமே விசாரிக்கவில்லை. நம் ஊரில் ‘இரண்டு வெள்ளிக் கம்பெனி’ என்று ஒரு பேச்சு உண்டு. செலுத்திய மூலதனம் இரண்டே வெள்ளி என்று பதிவு செய்துகொண்டு லட்சக்கணக்கில் வியாபாரம் பண்ணும் செண்டிரியான் பெர்ஹாட்களைச் சொல்வது. 2017 ஜனவரி 31-இல் புதிய நிறுவனச் சட்டம் நடப்புக்கு வந்தபின் ஒரே ஆள், ஒரே வெள்ளி போதும். இதில் சட்டவிரோதம் ஏதுமில்லை. ஆனால் அந்த நிறுவனம் கவிழ்ந்தால் பங்குதாரரின் வீட்டுக் கதவைத் தட்ட முடியாது. பதிவான மூலதனம், இயக்குநர்கள், வங்கிக்கு வைத்த அடமானம், கடைசியாகத் தாக்கல் செய்த கணக்கு எல்லாவற்றையும் மலேசிய நிறுவன ஆணையத்தில், அதாவது எஸ்எஸ்எம்மில், சிறு கட்டணம் கட்டிப் பார்க்கலாம். இணையத்திலேயே பார்க்கலாம். நேரில் போக விரும்பினால் அதன் தலைமையகம் கேஎல் சென்ட்ரலில்தான் இருக்கிறது, எங்கள் அலுவலகத்திலிருந்து நடந்து போகும் தூரம். பிரிக்பீல்ட்ஸுக்கு வந்து நகைக்கடையில் கல் எடை, சேதாரம், கூலி என்று ஒரு மணி நேரம் நின்று பேரம் பேசுகிற நம் ஆட்கள் அந்தக் கட்டடத்தை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் போகிறார்கள்.

பணம் போனால் போகட்டும், செய்து வைத்த படகாவது கிடைக்குமா என்பது அண்ணனின் அடுத்த கேள்வி. பட்டறைக்குள் மேல்தளம் மாட்டாத ஒரு வெற்றுக் கூடு கிடந்தது. அதைக் காட்டித்தான் தவுக்கே அவருக்குப் படம் அனுப்பியிருந்தார். கொடுமை என்னவென்றால், அதே கூட்டின் படம் வேறு இரண்டு பேரின் போனிலும் இருந்தது.

பைபர் படகு அச்சில் வார்ப்பது. அச்சின் உள்பக்கம் மெழுகு தேய்த்து, வெளிப்பூச்சு அடித்து, அதன்மேல் கண்ணாடி இழைப் பாயும் ரெசினும் அடுக்கடுக்காகப் போட்டு இறுகவிட்டுப் பிரித்தெடுப்பார்கள். ஒரே அச்சிலிருந்து வரும் பத்துக் கூடும் ஒன்றுபோலவே இருக்கும். 1957-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 18-ஆம் பிரிவு, இன்ன பொருள் என்று அடையாளம் உறுதியாகாத சரக்கின் உரிமை வாங்குபவருக்குப் போகாது என்கிறது. ‘24 அடி பைபர் படகு ஒன்று’ என்று எழுதிய விலைக் குறிப்பு எந்தக் கூட்டையும் சுட்டவில்லை. கூட்டில் எண் இல்லை, பேர் இல்லை. மூவரில் யாருக்கும் அது கிடைக்கவில்லை. கலைப்பு அதிகாரி மற்றச் சாமான்களோடு அதையும் விற்றுக் கணக்கில் சேர்த்தார்.

இந்தச் சண்டை கப்பல் கட்டும் தொழில் அளவுக்குப் பழையது. இங்கிலாந்தில் பிளைத் என்ற ஊரின் கப்பல் பட்டறை கடனில் மூழ்கியபோது 1926-இல் வந்த தீர்ப்பு ஒன்றை எங்கள் லோயர் அடிக்கடி சொல்வார். அங்கே ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதியிருந்தார்கள். முதல் தவணை கட்டியதிலிருந்து கப்பலும், அதற்கென்று ஒதுக்கிய பொருள்களும் வாங்குபவருக்குச் சொந்தம் என்று. பாதி கட்டியிருந்த கப்பல் வாங்குபவருக்குத்தான் என்றது நீதிமன்றம். ஆனால் இன்னும் கப்பலில் பொருத்தாமல் பட்டறையில் பரவிக் கிடந்த இரும்பும் மரமும் அவருக்கு இல்லை. ஒரே ஒரு வாக்கியம் ஒரு கப்பலைக் காப்பாற்றியது. பக்கத்தில் கிடந்த சாமான்களைக் காப்பாற்ற அது போதவில்லை.

பட்டறை நிலம் வாடகை என்றால் இன்னொரு தொல்லையும் உண்டு. வாடகைப் பாக்கிக்காக நில உரிமையாளர், 1951-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நீதிமன்ற வாரண்டு வாங்கி, இடத்தில் உள்ள பொருள்களைப் பறிமுதல் செய்யலாம். உங்கள் படகும் அதில் மாட்டினால் அது உங்களுடையது என்று நீங்கள்தான் நீதிமன்றத்தில் போய்க் காட்ட வேண்டும்.

சரி, அந்த 32,000 எங்கேதான் போனது? தவுக்கே கசினோவில் தொலைத்தார் என்று கிள்ளானில் ஒரு பேச்சு இருந்தது. கணக்கைப் பார்த்தால் அப்படி எதுவும் இல்லை. அண்ணனின் பணம் அவருக்கு முன்னால் படகு கேட்டவரின் எஞ்சினுக்குப் போயிருந்தது. அவருக்கும் முன்னால் கேட்டவரின் ரெசின் பாக்கிக்கும் கொஞ்சம். அண்ணனின் படகு, அவருக்கு அடுத்து வரப்போகும் ஆளின் முன்பணத்தை நம்பி நின்றது. அந்த அடுத்த ஆள் வரவில்லை. அவ்வளவுதான் நடந்தது. முன்பணத்தில் ஓடும் பட்டறைகளில் பாதிக்கு மேல் திருட்டு எண்ணம் இருப்பதில்லை என்பது என் அபிப்பிராயம். புது ஆர்டர் நிற்கும் மாதத்தில் அவை விழுந்துவிடுகின்றன.

சின்னப் பட்டறைகளின் கதை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. இதே நாட்டில், இதே விதத்தில், அரசாங்கமே மாட்டிக்கொண்டிருக்கிறது. அரச மலேசியக் கடற்படைக்கு ஆறு கரையோரப் போர்க்கப்பல்கள் கட்டித்தர பூஸ்டெட் நேவல் ஷிப்யார்டுக்குக் கொடுத்த வேலை, ஏறத்தாழ 9 பில்லியன் வெள்ளி. எல்சிஎஸ் என்று எல்லோரும் சொன்னது இதைத்தான். முதல் கப்பல் 2019-இல் வந்திருக்க வேண்டும். 2022 ஆகஸ்டில் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு அறிக்கை வைத்தபோது, 6 பில்லியன் வெள்ளிக்குமேல் கொடுத்தாகிவிட்டது, ஒரு கப்பல்கூட முடியவில்லை. சாப்பாட்டுக் கடை முழுக்க அந்த வாரம் அதே பேச்சு. ஆனால் அந்த அறிக்கையில் என் கண்ணில் பட்ட எண் வேறு. கொடுத்த பணத்தில் 400 மில்லியன் வெள்ளி, அதற்கு முந்தைய ரோந்துக் கப்பல் திட்டத்தின் பழைய கடனை அடைக்கப் போயிருந்தது. கிள்ளான் அண்ணனின் கணக்கேதான், பின்னால் சில சைபர்கள் அதிகம். வாங்கிக் கிடங்கில் வைத்த 1.7 பில்லியன் வெள்ளி சாமான்களில் ஏறத்தாழ 15 விழுக்காடு காலாவதியாகிவிட்டது என்றும் அந்த அறிக்கை சொன்னது.

பிறகு அரசாங்கம் திட்டத்தை ஐந்து கப்பலாகக் குறைத்தது, விலையை 11 பில்லியனுக்கு மேல் ஏற்றியது, பட்டறையைத் தானே எடுத்துக்கொண்டது. லுமூட்டில் இருக்கும் அந்தப் பட்டறைக்கு இப்போது பேர் லுமூட் நேவல் ஷிப்யார்டு. அரசாங்கத்தால் பட்டறையையே வாங்க முடிகிறது. ஓய்வு பெற்ற கிரேன் ஓட்டுநரால் முடியாது.

அந்தப் போர்க்கப்பல்களில் முதலாவது, மகாராஜா லேலா, 2017 ஆகஸ்டில் அரச குடும்பத்தார் முன்னிலையில் விழாவோடு தண்ணீரில் இறங்கியது. அதே ஆண்டு நவம்பரில் ஸ்காட்லாந்தில், பெர்குசன் பட்டறையில், கிளென் சானக்ஸ் என்ற பயணிகள் கப்பலையும் தண்ணீரில் இறக்கினார்கள். முதலமைச்சர் நிக்கோலா ஸ்டர்ஜன் வந்திருந்தார். கப்பலில் ஜன்னல் இருக்க வேண்டிய இடங்களில் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தது. அந்தக் கப்பலில் சாதாரணப் பயணிகள் ஏறியது 2025 ஜனவரியில். தண்ணீரில் இறக்குவது கண்ணுக்குப் பெரிய நிகழ்ச்சி. மாலை, மேளம், படம் எல்லாம் உண்டு. வேலை எவ்வளவு முடிந்திருக்கிறது என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு. தவணைப் பணத்தைக் கண்ணுக்குத் தெரியும் விழாவோடு கட்டிவைத்தால் பட்டறைக்காரர் விழாவைத்தான் முதலில் முடிப்பார்.

ஸ்காட்லாந்துக் கதையில் இன்னொரு பாடமும் இருக்கிறது. பெரிய கப்பல் வியாபாரத்தில், வாங்குபவர் தவணை கட்டும்போதெல்லாம் பட்டறையின் வங்கி ஓர் உத்தரவாதம் தர வேண்டும் என்பது உலக வழக்கம். கப்பல் வராவிட்டால் அதுவரை கட்டியதை வங்கி திருப்பித் தரும். 2015-இல் இரண்டு கப்பலுக்கு 97 மில்லியன் பவுண்டுக்கு ஒப்பந்தம் போட்ட அரசு நிறுவனம் அந்த முழு உத்தரவாதத்தைக் கேட்டது. பட்டறையால் தர முடியவில்லை. ஆனாலும் வேலையைக் கொடுத்தார்கள். 2019-இல் பட்டறை நொடித்துப்போனது, அரசாங்கம் எடுத்துக்கொண்டது. வங்கியே கை கொடுக்கத் தயங்கும் பட்டறைக்கு நாம் ஏன் கை கொடுக்க வேண்டும் என்று கேட்க அங்கே ஆள் இருந்தும், கேட்டும், பயனில்லை.

24 அடிப் படகுக்கு எந்த வங்கியும் அப்படி உத்தரவாதம் எழுதாது. அதற்காக வழியே இல்லை என்று இல்லை. 1972-இல் இங்கிலாந்தில் கேபோர்ட் என்ற நிறுவனம், தபாலில் ஆர்டரும் முன்பணமும் வாங்கிப் பொருள் அனுப்பும் வியாபாரம், நெருக்கடியில் சிக்கியது. வாடிக்கையாளர் பணத்தைத் தனிக் கணக்கில் போடுங்கள் என்று கணக்காளர்கள் சொன்னார்கள். நிர்வாகி, ஏற்கனவே தூங்கிக் கிடந்த ஒரு வைப்புக் கணக்கை எடுத்தார். அதில் 47 பவுண்டு 80 பென்ஸ் இருந்தது. பொருள் போய்ச் சேரும்வரை வாடிக்கையாளர் பணத்தை அதில் போட்டு வைத்தார். அடுத்த மாதமே நிறுவனம் கலைப்புக்குப் போனது. அந்தக் கணக்கில் இருந்தது நிறுவனத்தின் பணமல்ல, வாடிக்கையாளருக்காக அறப்பொறுப்பில் வைத்திருந்த பணம் என்று நீதிபதி மெகாரி தீர்ப்புச் சொன்னார். மற்றக் கடன்காரர்கள் அதைத் தொட முடியவில்லை. ஒரு தூங்கிய கணக்கு அத்தனை பேரின் பணத்தையும் காத்தது.

நம் நாட்டில் வீடு வாங்குகிறவருக்கு இந்த ஏற்பாட்டைச் சட்டமே செய்து கொடுத்திருக்கிறது. 1966-ஆம் ஆண்டின் வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ், மேம்பாட்டாளர் வாங்குவோர் பணத்தைத் தனி வீடமைப்புக் கணக்கில் போட வேண்டும். ஒப்பந்தத்தின் வாசகம்கூட அட்டவணையில் அச்சிட்டபடியே இருக்க வேண்டும். கட்டடக் கலைஞர் சான்றிதழ் கொடுத்தபின்தான் அடுத்த தவணை. கடைசி 5 விழுக்காடு வழக்கறிஞர் கையில் நிற்கும், பழுது பார்க்கும் காலம் முடியும்வரை. ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் ‘புக்கிங்’ என்று பணம் வாங்குவதே தடை. அப்படி வாங்கினால் தாமத இழப்பீட்டுக் காலம் அந்த நாளிலிருந்தே எண்ணப்படும் என்று கூட்டரசு நீதிமன்றம் 2021-இல் சொல்லிவிட்டது. இத்தனைக்குப் பிறகும் கைவிடப்பட்ட வீடமைப்புத் திட்டங்கள் இருக்கின்றன, தெரியும். ஆனாலும் வீட்டுக்காரருக்குப் பிடித்துக்கொள்ள ஏதோ இருக்கிறது. படகுக்கோ, கேபினெட்டுக்கோ, காவடிக்கோ அப்படித் தனிச் சட்டம் எதுவும் இல்லை. ஒரு தொகைக்குமேல் வாங்கும் எந்த முன்பணமும் தனிக் கணக்கில் இருக்க வேண்டும் என்று சட்டம் வர வேண்டும் என்பேன். வியாபாரிகள் கத்துவார்கள். மேம்பாட்டாளர்களும் ஒரு காலத்தில் கத்தியிருப்பார்கள்.

பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். நல்ல இடம். 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் பிறந்தது. ஐந்து வெள்ளி கட்டணம், வழக்கறிஞர் வேண்டாம், 50,000 வெள்ளி வரை கோரலாம். 2019-இல்தான் அந்த வரம்பை 25,000-லிருந்து ஏற்றினார்கள். மூன்று வருடத்துக்குள் போக வேண்டும். கேபினெட், மண்டபம், அலங்காரம் எல்லாவற்றுக்கும் நான் முதலில் அங்கேதான் அனுப்புகிறேன். ஆனால் படகை மீன்பிடித் தொழிலுக்கு வாங்கினால் நீங்கள் பயனீட்டாளர் ஆகமாட்டீர்கள், வியாபாரி. கதவு மூடிவிடும். தூண்டில் பொழுதுபோக்குக்கு என்றால் போகலாம். அதுவும் பட்டறை உயிரோடு இருக்கும்போது. கலைப்பு உத்தரவு வந்துவிட்டால் உயர்நீதிமன்ற அனுமதி இல்லாமல் அந்த நிறுவனத்தின்மேல் எந்த வழக்கும் நடத்த முடியாது. அண்ணன் எங்களிடம் வந்தது உத்தரவுக்குப் பின்.

போலீஸ் நிலையத்துக்கும் போயிருக்கிறார். “இது சிவில், லோயரைப் பாருங்க” என்று அனுப்பிவிட்டார்கள். ஏமாற்றுக் குற்றத்துக்கு, வாங்கும் நிமிடத்திலேயே தரும் எண்ணம் இல்லை என்று காட்ட வேண்டும். பாதி வார்த்த கூடு ஒன்று பட்டறையில் கிடந்தால் அது கடினம். கடைசியில், திவால் இலாகாவுக்குக் கடன் நிரூபணப் பாரம் நிரப்பிக் கொடுத்தோம். அதற்கு மட்டும் அந்த ரசீது உதவியது. வந்து சேர்ந்த தொகையை இங்கே எழுதினால் சிரிப்பீர்கள்.

கிள்ளான்காரர்களுக்குப் பிடிவாதம் அதிகம். இரண்டு வருடம் கழித்து அதே அண்ணன் வேறொரு பட்டறையின் தவுக்கேயையே கையோடு கூட்டிக்கொண்டு மாடியேறி வந்தார். ஒப்பந்தம் எழுத வேண்டும் என்றார். இந்த முறை படகு 22 அடிதான்.

அந்த மேசையில் நடந்த பேச்சு எனக்குப் பிடித்திருந்தது, ஏனென்றால் தவுக்கே தலையாட்டுகிறவர் இல்லை. “அக்கா, எல்லாப் பணமும் உங்க லோயர்கிட்ட இருந்தா, நான் எதை வச்சு ரெசின் வாங்குறது?” என்று மலாயில் கேட்டார். நியாயமான கேள்வி. ஆர்டர் கொடுத்துவிட்டுக் காணாமல் போன வாடிக்கையாளர்களின் கதைகள் அவரிடமும் இருந்தன. மீன் தொட்டியை இன்ன இடத்தில் வை என்று சொல்லிச் செய்யவைத்த படகை வேறு யார் வாங்குவார்? ஆகவே 10 விழுக்காடு நேரே அவர் கைக்கு. அண்ணன் மனம் மாறிப் பின்வாங்கினால் அது திரும்பாது. 10 விழுக்காடு என்பது வழக்கறிஞர்கள் பழக்கத்தில் சொல்லும் எண் மட்டுமல்ல. 1995-இல், ஒரு மருத்துவர் தன் கிளினிக்கை இன்னொருவருக்கு விற்ற பேரம் முறிந்து கூட்டரசு நீதிமன்றம் வரை போனது. 10 விழுக்காட்டு முன்பணத்தை விற்றவர் வைத்துக்கொள்ளலாம், அதற்குமேல் வாங்கிய தவணைகளை நஷ்டத்தை நிரூபிக்காமல் வைத்துக்கொள்ள முடியாது என்று முடிந்தது. 2018-இல் அதே நீதிமன்றம் சட்டத்தைக் கொஞ்சம் மாற்றிச் சொன்னது. நஷ்டத்தைக் காசுக்குக் காசு நிரூபிக்கத் தேவையில்லை, பிடித்துவைக்கும் தொகை நியாயமாக இருந்தால் போதும். 40 விழுக்காட்டை நியாயம் என்று வாதாடுவது எளிதல்ல.

மிச்சத் தவணைகளை எங்கள் லோயரின் கிளையண்ட் அக்கவுண்டில், ஸ்டேக்ஹோல்டர், அதாவது இரு தரப்புக்கும் பொதுவாகப் பணத்தை வைத்திருப்பவர், என்ற முறையில் போட்டு வைப்பது என்று ஆனது. வழக்கறிஞர்கள் கட்சிக்காரர் பணத்தைத் தங்கள் அலுவலகப் பணத்தோடு கலக்கக் கூடாது என்று விதியே இருக்கிறது. வீடு விற்கும்போது சொத்து லாப வரிக்காக 3 விழுக்காட்டைப் பிடித்து வைத்து வருமான வரி வாரியத்துக்குக் கட்டுவதும் இதே பழக்கத்தில்தான். தவுக்கே வேலையை முடித்து, படகைப் பார்த்து அண்ணன் கையெழுத்துப் போட்டதும் பணம் அன்றே அவருக்குப் போகும். பணம் தயாராக இருக்கிறது என்பது தவுக்கேவுக்கும் நிம்மதி. வாடிக்கையாளர் அடுத்த தவணைக்கு இழுத்தடிப்பார் என்ற பயம் அவருக்கு இனி இல்லை.

கட்டங்களை விழாவாக எழுதாமல் வேலையாக எழுதினோம். கூடு அச்சிலிருந்து வெளியே வந்து, உள் தாங்குகட்டைகள் ஒட்டி, பின்பக்கம் எண் பொறித்த அன்று ஒரு தவணை. மேல்தளம் பூட்டி, தொட்டியில் தண்ணீர் நிரப்பி ஓர் இரவு கசியாமல் நின்றால் ஒன்று. வயரிங் முடிந்து எஞ்சின் ஏறினால் ஒன்று. கூட்டில் பொறிக்கும் எண் ஒப்பந்தத்திலேயே இருந்தது. முதல் தவணையிலிருந்து அந்த எண்ணுள்ள கூடும் அதில் பொருத்தியதும் அண்ணனுக்குச் சொந்தம் என்ற வரியும் இருந்தது. பிளைத் தீர்ப்பை நினைத்து, அவருக்கென்று வாங்கிய சாமான்களைத் தனியாக அடுக்கி, பேர் எழுதி, படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்று லோயர் இன்னொரு வரி சேர்த்தார். தவுக்கே அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். ஆனால் செய்தார்.

எஞ்சின் விஷயத்தில்தான் பெரிய மிச்சம். படகு விலையில் பாதிக்குப் பக்கத்தில் எஞ்சின் தின்றுவிடும். அதைப் பட்டறை வழியாக வாங்க வேண்டிய அவசியமே இல்லை. அண்ணன் நேரே விற்பனையாளரிடம் போய், தன் பேரிலேயே பில் போட்டு, கிரெடிட் கார்டில் கட்டினார். பொருள் வராவிட்டால் அந்தப் பணத்தைத் திருப்பச் சொல்லி வங்கியிடம் முறையிட கார்டு விதிகளில் வழி உண்டு. ரொக்கத்தில் கட்டியவருக்கு அது இல்லை. மேல்தளம் முடியும்வரை எஞ்சின் விற்பனையாளர் கிடங்கிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். அதன் வரிசை எண்ணும் ஒப்பந்தத்தில் ஏறியது. ரெசின் எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் பட்டறையின் தீக் காப்புறுதியில் அண்ணன் பேரையும் சேர்க்கச் சொன்னோம். தவுக்கே அதற்குக் கொஞ்சம் முணுமுணுத்தார், கூடுதல் பிரீமியத்தில் பாதியை அண்ணன் கட்டுவதாகச் சொன்னதும் ஒப்புக்கொண்டார். தவுக்கேயின் சொந்த ஜாமீன் மட்டும் கிடைக்கவில்லை. வீடு மனைவி பேரில் இருக்கிறது, என்னிடம் ஜாமீன் வாங்கி என்ன செய்வீர்கள் என்று கேட்டுவிட்டார்.

அந்த ஒப்பந்தத்துக்கு எங்கள் கட்டணம் படகு விலையில் சின்ன ஒரு துண்டுதான். அதைக்கூட மிச்சம் பிடிக்க நினைக்கிறவர்கள் குறைந்தபட்சம் கூட்டின் எண்ணையும், சொந்தம் என்ற அந்த வரியையும் மலாயிலோ தமிழிலோ கையால் எழுதி, தேதி போட்டு, இரண்டு பேரும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளலாம். எந்த மொழியில் எழுதினாலும் ஒப்பந்தம் ஒப்பந்தம்தான்.

படகு போன மாதம் தண்ணீரில் இறங்கியது. கடைசி 10 விழுக்காடு, கடலில் ஓட்டிப் பார்த்து 30 நாள் கழித்து என்று எழுதியிருக்கிறோம். அந்தப் பணம் இன்னும் கிளையண்ட் அக்கவுண்டில் இருக்கிறது. வேகம் எடுத்தால் எஞ்சின் சூடாகிறது என்று அண்ணன் புகார் சொன்னார். எஞ்சினில் பழுதில்லை, மாட்டிய உயரம்தான் தவறு என்று விற்பனையாளர் சொல்கிறார். தவுக்கே வரும் செவ்வாய்க்கிழமை ஆள் அனுப்பி, எஞ்சினை இரண்டு துளை கீழே இறக்கிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். கேட்காமலே அவராகப் போன் செய்து சொன்னார்.